விரல் நுனியில் மைசூரு

சென்னை சென்ட்ரலிலிருந்து மைசூருக்குப் போகும் வந்தே பாரத், பங்காருப்பேட்டையில் நிற்பதில்லை. மஞ்சள் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடுகிறது. அங்கே பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலுக்குப் போகிறது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டாலும் தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. பிழைப்புக்குத் தினமும் ரயிலேறிப் பெங்களூரு போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமைக்கு எதிராகப் போராடி 2016-ல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் பிறந்தது அந்தத் தங்கவயலில்தான். மறு ஆண்டு அவர் பெயர் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு வழக்கில் வந்தது. பான் அட்டையோடு ஆதாரை இணைத்தே ஆக வேண்டும் என்ற சட்டப்பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அவரும் ஒருவர். அதே மனுவில் அவரோடு இருந்தவர் மைசூருவாசி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எஸ்.ஜி. வொம்பட்கெரே.

துப்புரவுத் தொழிலாளர்களின் தலைவரும் ராணுவ அதிகாரியும் ஒரே மனுவில் சேர்ந்தது எப்படி? ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பயணிக்குப் பல நாளாக இருந்த கேள்வி இது. சென்னையில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்ப்பவர் அவர். தசரா இல்லாத மாதத்தில் மைசூருக்குக் கிளம்பியதன் காரணமும் இந்தக் கேள்விதான்.

பெங்களூரில் ரயில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. மென்பொருள் ஊர் என்று பெயரெடுத்த அந்த நகரம், மென்பொருளைச் சந்தேகிப்பவர்களையும் வளர்த்திருக்கிறது. 2015 ஜூனில் தேஜேஷ் என்ற நிரலாளர், தன் 3ஜி இணைப்பில் திறக்கும் பக்கங்களுக்குள் வேறு யாரோ ஒரு நிரல் துண்டைச் செருகுவதைக் கவனித்தார். கண்டதை அப்படியே கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டார். பதிலுக்கு வந்தது பாராட்டு அல்ல, இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றின் சார்பில் வக்கீல் நோட்டீஸ்.

ஆதார் வழக்கில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த டாக்டர் சமீர் கேளேகரும் பெங்களூரில் நெட்வொர்க் பாதுகாப்புத் தொழில் நடத்தியவர். கோவாக்காரர், மும்பை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். நிபுணர் சாட்சியம் என்றால் எடுத்த எடுப்பில் தன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: எங்கே படித்தேன், என்ன தொழில் செய்கிறேன், இதைப் பேச எனக்கு என்ன தகுதி. கணினிக்காரர்கள் சொந்தக் கதை சொல்வதில் கூச்சப்படுகிறவர்கள். நீதிமன்றம் அந்தக் கூச்சத்தை விட்டுவைப்பதில்லை. கேளேகர் சொன்ன செய்தி எளிமையானது. ரேகை வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆகவே யார், எப்போது, எந்தக் கருவியில் விரல் வைத்தார் என்பது மையத்துக்குத் தெரியும். அவர் இருக்கும் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். இதை எதிர்த் தரப்பின் வீண் பயம் என்று தள்ளவும் முடியவில்லை. ஆதார் ஆணையத்தின் தரப்பில் காட்டப்பட்ட ஐஐடி கான்பூர் பேராசிரியர் மணீந்திர அகர்வாலின் அறிக்கையே, சரிபார்ப்புப் பதிவேடு கசிந்தால் ஒருவர் ஐந்தாண்டுகளில் போய்வந்த இடங்கள் தெரிந்துவிடக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. மும்பையின் பயோமெட்ரிக் நிபுணர் ஜே.டி. டிசோசா இன்னும் ஒரு படி மேலே போய், மெழுகையும் ஃபெவிகாலையும் வைத்துப் போலி விரல்ரேகை செய்து கருவியை ஏமாற்றிக் காட்டியவர். ஃபெவிகால் என்றதும் சிரிப்பு வரலாம்.

ராமநகரத்துப் பாறைகள், சென்னபட்டணத்து மரப்பொம்மைக் கடைகள், மத்தூர் வடை, மாண்டியாவின் கரும்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரர் கன்னட வாசனையோடு கூடிய தமிழில் ஒரு தகவல் சொன்னார். இரட்டை ரயில் பாதைக்கு இடைஞ்சலாக நின்ற திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கை இடிக்காமல், அடித்தளத்தோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள். 2017-ல் நடந்த வேலை அது. எடை ஏறத்தாழ ஆயிரம் டன். மனம் வைத்தால் எதையும் இடிக்காமலே பாதை போடலாம் என்பதற்கு அந்தச் செங்கல் கட்டடம் சாட்சி.

மைசூருவில் விடுதி வரவேற்பு மேஜை. "சார், ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க." மாண்டியாவிலேயே தயாராக எடுத்து வைத்திருந்த ஓட்டுநர் உரிமத்தைப் பயணி நீட்டினார். "ஆதாரே குடுத்தா நல்லது சார். ரூல்ஸ்." எந்த ரூல்ஸ் என்று கேட்டதும் இளைஞர் சிரித்துவிட்டு உரிமத்தை வாங்கிக்கொண்டார். மேஜைக்குப் பின்னால், வருவோர் போவோர் கண்ணுக்கு நேரே, நகல்கள் ஒரு கோப்பில் திணித்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கோப்புக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விடுதிகள், திரையரங்குகள் போன்ற உரிமம் பெறாத தனியார் அமைப்புகள் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்றது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பு இருக்கிறது என்று அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சொன்னதில் தவறு எதுவும் இல்லை. உண்மையை இரண்டு நாள் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதுதான் வேடிக்கை.

மறுநாள் காலை, பயணி முதலில் போன இடம் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். 1891-ல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கியது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைக்கட்டில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905-ல் கண்டுகொண்டவர் இங்கே நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி. 1909-ல் மூலத்தை அச்சிட்டார். உலகம் தொலைந்துபோனதாக நினைத்திருந்த நூலுக்கு மறுபிறப்பு தந்த கட்டடம் இது. அந்தத் தஞ்சாவூர்ப் பண்டிதரின் பெயரை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு தலையையும் எழுதிவைக்கச் சொல்லும் நூலுக்கு இப்படி ஒரு கதி.

ஏனென்றால் அர்த்தசாஸ்திரம் அதைத்தான் சொல்கிறது. 'கோபன்' என்ற ஊழியர் பத்து, இருபது, நாற்பது வீடுகளுக்கு ஒருவராக இருந்து, வீட்டிலுள்ளவர்களின் பெயர், குலம், தொழில், வரவு, செலவு எல்லாவற்றையும் பதிய வேண்டும். வீட்டுக்கு யார் வந்தார், யார் போனார் என்பதை வீட்டுக்காரர் அறிவிக்க வேண்டும். சத்திரக்காரர் வழிப்போக்கரைப் பற்றித் தகவல் கொடுத்தாக வேண்டும். நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் முத்திரைச் சீட்டு. அதற்கு ஒரு மாஷம் கட்டணம். போதாததற்குத் துறவி, வணிகர், மாணவர் வேடத்தில் ஒற்றர்கள். கண்காணிப்பு ஏதோ மேலைநாட்டுக் கணினியோடு இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்த நூலைப் புரட்டலாம். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: கோபனுக்கு நாற்பது வீட்டுக்கு மேல் நினைவில் நிற்காது.

பக்கத்திலேயே மகாராஜா கல்லூரி. ராதாகிருஷ்ணன் தத்துவம் கற்பித்ததும், ஆர்.கே. நாராயண் பட்டம் வாங்கியதும், குவெம்பு முதல்வராக இருந்ததும் இங்கேதான். கே.எஸ். புட்டசாமியும் இங்கே படித்தவர். 1926-ல் பிறந்தவர், பெங்களூரில் சட்டம் முடித்து 1952-ல் வழக்கறிஞரானார், 1977 முதல் 1986 வரை கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. நீதிபதிகள் ஓய்வுபெற்றதும் நினைவுக் குறிப்பு எழுதுவார்கள். இவர் 2012-ல், 86 வயதில், ரிட் மனு எழுதினார்: நாடாளுமன்றத்தில் சட்டமே இல்லாமல் கோடிக்கணக்கானோரின் ரேகையை எந்த அதிகாரத்தில் வாங்குகிறீர்கள்? மனு எண் 494. அரசுத் தரப்பு, 1954 எம்.பி. சர்மா தீர்ப்பையும் 1962 கரக் சிங் தீர்ப்பையும் எடுத்துப் போட்டு, அரசியல் சாசனத்தில் அந்தரங்க உரிமை என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டது. அதைத் தீர்க்க ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். 2024 அக்டோபரில் தமது 98-ஆம் வயதில் புட்டசாமி காலமானார். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று அவர் பெயரைச் சொல்லும்போது மனிதரைச் சொல்வதில்லை, தீர்ப்பைச் சொல்கிறார்கள்.

புட்டசாமியின் பெயர் ஊரறிந்தது. வொம்பட்கெரே பெயர் அப்படி இல்லை. ஆனால் கணினிப் பாதுகாப்புக்காரரின் மூளைக்கு நெருக்கமானவர் அவர்தான். ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். சென்னை ஐஐடியில் கட்டுமான இயக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1982 ஆகஸ்டில் லடாக்கின் கர்துங் லா அருகே, 18,000 அடிக்கும் மேலான உயரத்தில் ராணுவக் குழு ஒரு பெய்லி பாலத்தை நிறுவியது. அதை வடிவமைத்தவர் அப்போது லெப்டினன்ட் கர்னலாக இருந்த இவர். உலகிலேயே மிக உயரத்தில் இருக்கும் பாலம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. லடாக் பணிக்காக 1993-ல் விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது. 1996-ல் ஓய்வுபெற்றபோது ராணுவத் தலைமையகத்தில் ஒழுங்கு மற்றும் விஜிலன்ஸ் பிரிவின் கூடுதல் தலைமை இயக்குநர். விஜிலன்ஸை நடத்தியவரே கண்காணிப்புக்கு எதிராக வழக்குப் போட்டார் என்று கேட்டால் முரணாகத் தோன்றும். முரண் இல்லை. யார் மேல் கண் வைப்பது, எதற்காக, யார் உத்தரவில், எத்தனை நாளைக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது.

ஓய்வுக்குப் பின் மைசூருவில் குடியேறி, மைசூரு கிராஹகர பரிஷத் என்ற நுகர்வோர் அமைப்போடு ஊர்ப் பிரச்சினைகளில் இறங்கினார். அங்கே தானாக வந்து சேர்ந்தது ஆதார். 2010-ல் கர்நாடகத்தில் பதிவு முதலில் தொடங்கிய மாவட்டங்கள் இரண்டு: மைசூரு, துமகூரு. சமையல் காஸ் மானியத்தை ஆதாரோடு கோக்கும் சோதனையும் ஆரம்பத்திலேயே மைசூருவுக்கு வந்தது. விருப்பமிருந்தால் போதும் என்று அறிவித்த எண், காஸ் சிலிண்டர் வாசலில் கட்டாயமாக மாறுவதை மற்ற ஊர்களுக்கு முன்பே இந்த ஊர் பார்த்துவிட்டது. வொம்பட்கெரே கட்டுரை கட்டுரையாக எழுதினார். தரவுத்தளத்தின் தொழில்நுட்பத்தில் எல்-1, அக்சென்ச்சர் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தீர்களே, நாட்டின் மொத்தக் குடிமக்களின் ரேகையும் ஒரே இடத்தில் இருந்தால் எதிரிக்கு வேலை சுலபமாகிவிடாதா என்பது அவருடைய வாதத்தின் நடு நரம்பு. உரிமை பேசுகிறவர்களை 'தேச நலனுக்கு எதிரி' என்று அடக்குவது வழக்கம். பதக்கம் வாங்கிய ஜெனரல் தேசப் பாதுகாப்பையே காரணமாக வைத்துப் பேசும்போது அந்த வாயை அடைப்பது கஷ்டம்.

பாலம் கட்டுகிறவர் முதலில் கேட்பது, எந்த இடத்தில் ஒடியும், ஒடிந்தால் மேலே நிற்பவர் கதி என்ன என்று. கணினிப் பாதுகாப்புக்காரரும் பிழைப்புக்காக இதையேதான் கேட்கிறார். வில்சன் சேர்ந்ததன் காரணமும் இங்கே விளங்குகிறது: அமைப்பு ஒடியும்போது முதலில் விழுவது ரேகை தேய்ந்த கைகள். துடைப்பமும் சிமென்ட்டும் பிடித்த விரலைக் கருவி படிக்க மறுத்தால் ரேஷன் இல்லை என்று சொல்லிவிடலாம். மென்பொருள் அதிபரின் விரலைக் கருவி படிக்காவிட்டால் கருவியை மாற்றுவார்கள்.

2013-லேயே வொம்பட்கெரே உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர். பான் வழக்கில் இவருக்கும் வில்சனுக்கும் ஷியாம் திவான் வாதாடினார். என் உடல் மேல் எனக்குத்தான் அதிகாரம் என்பது வாதத்தின் சாரம். உடல் மேல் முழு உரிமை எவருக்கும் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி 2017 மே மாதம் பதில் சொன்னது நாடெங்கும் பேச்சானது. ஜூன் 9 தீர்ப்பு பெரும்பாலும் அரசின் பக்கம். அதோடு ஓய்ந்துவிடவில்லை இந்த மைசூருவாசி. தேசத் துரோகச் சட்டப்பிரிவு 124ஏ-வை 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததே, அந்த வழக்கின் தலைப்பிலும் அவர் பெயர்தான்.

இதே மைசூருவின் ஹெப்பாள் பகுதியில் முந்நூறு ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். 2009-ல் ஆதார் ஆணையத்தின் முதல் தலைவரான நந்தன் நிலேகனி அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆட்டோவிலிருந்து பார்த்தால் மதில் தெரிகிறது, மதில்தான் தெரிகிறது.

அதைவிடச் சுவாரசியமான வாசல் பன்னிமண்டபத்தில் இருக்கிறது: மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ். பயணி பார்த்தது கேட்டை மட்டும். 1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய அரக்குத் தொழிற்சாலை, இப்போது மாநில அரசு நிறுவனம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து இந்திய வாக்காளர் விரலில் வைக்கும் மை இங்கிருந்துதான் போகிறது. தயாரிப்பு முறை தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. சூத்திரம் ரகசியம், சில்வர் நைட்ரேட் இருப்பது மட்டும் ஊரறிந்தது. அது தோலிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. சோப்பும் எண்ணெயும் அதனிடம் தோற்கும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு 26 லட்சத்துக்கும் அதிகமான குப்பிகள் போயின; 25-க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்குகின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பின்போது வங்கி வரிசையில் நின்றவர்கள் விரலிலும் இந்த மைதான். அவர்கள் கைக்கு வந்த 2,000 ரூபாய்த் தாள் அச்சானதும் மைசூருவின் ரிசர்வ் வங்கி அச்சகத்தில்.

இந்த மை, அடையாளத் தொழில்நுட்பத்தில் இந்தியா செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. 'இவர் ஓட்டுப் போட்டுவிட்டார்' என்ற ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. யாருக்குப் போட்டார், பெயர் என்ன, எந்த ஊர், என்ன சாதி, எதுவும் அதற்குத் தெரியாது. மின்சாரம், சிக்னல், சர்வர் எதுவும் வேண்டாம். கசியக்கூடிய தரவுத்தளம் இல்லை. வேலை முடிந்ததும் தோலோடு உதிர்கிறது, நகத்தோடு வளர்ந்து வெட்டுப்படுகிறது. வேறொருவர் பெயரில் முதல் ஓட்டைப் போட வருபவரை அதனால் தடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தனக்கென்று கொடுத்த வேலையைத் தாண்டி அது ஒரு இம்மி நகர்வதில்லை. தேவையானதை மட்டும் கேள், தேவை தீர்ந்ததும் அழித்துவிடு என்று தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பக்கம் பக்கமாகக் கேட்பதை ஒரு குப்பி செய்துகாட்டிவிட்டது.

ஆதாரின் கதை வேறு திசையில் போனது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் 1,448 பக்கத் தீர்ப்பில், நான்கு நீதிபதிகள் சட்டத்தை ஏற்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமில்லை, தனியார் நிறுவனங்கள் கேட்கக் கூடாது என்ற அளவில் மனுதாரர்களுக்கு வெற்றி. தனியாருக்கு மூடிய அந்தக் கதவும் 2019 திருத்தத்திலும் 2025 ஜனவரி விதிகளிலும் மெல்லத் திறந்துகொண்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்.

டிசோசாவின் ஃபெவிகால் விளையாட்டு? 2023-ல் கர்நாடகத்திலேயே அது பலித்தது. சொத்துப் பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த விரல்ரேகையை நகலெடுத்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் பலருடைய வங்கிக் கணக்கைத் துடைத்தார்கள். ஓ.டி.பி. வரவில்லை, பின் எண் கேட்கவில்லை. பெங்களூரு, மங்களூரு காவல்துறை வழக்குப் பதிந்து, பிகார் வரை போய் ஆட்களைப் பிடித்தது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம். பதிவு அலுவலகத்தில் விரலைப் பதித்துவிட்டு வந்தவர்கள் எதை மாற்றுவார்கள்?

ஆகவே வாசகருக்கு இரண்டு வேலைகள். விடுதியில் அடையாளம் கேட்டால் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டுங்கள். ஆதார்தான் வேண்டுமென்றால் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். இரண்டாவது, ஆணையத்தின் செயலியில் உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். ரேஷனுக்கோ வேறு எதற்கோ ரேகை வைக்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். சில நிமிட வேலை, கட்டணம் கிடையாது. வீட்டில் சொத்துப் பத்திரம் பதிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களுடையதை முதலில் பூட்டுங்கள். உதவிக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.